இந்த பக்கம் இப்போ யாரு கையில இருக்கு?

பழைய புத்தகங்கள ஸ்கேன் பண்ணி நெட்ல போடறதுக்குன்னு எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். நைட் பதினோரு மணிக்கு அதுல ஒரு மெசேஜ் வரும், "41ம் பக்கத்துலேருந்து 60 வரைக்கும் யாரு பாக்கறீங்க?"னு. அதுக்கு ரெண்டு பேரு "நான் தான்"னு பதில் போடுவாங்க, ரெண்டு பேருமே நெஜமா பாத்துட்டு இருப்பாங்க, அதான் கொடுமை. இன்னொரு பக்கம் 61லேருந்து 80 வரைக்கும் ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க, ஆளாளுக்கு அடுத்தவங்க பாத்துப்பாங்கன்னு இருந்திருப்போம். ஒன்றரை வருஷம் இப்படியே தான் ஓட்டினோம். அதுலேருந்து எப்படி வெளிய வந்தோம்னு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கேன், இன்னிக்கு லீவு, மழை வேற, உக்காந்துட்டேன்.

மொதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். திருப்பாப்புலியூர்ல (ஆமா, முழுசா திருப்பாதிரிப்புலியூர்னு போர்டுல மட்டும் தான் எழுதுவோம்) ஒரு சித்த வைத்தியர் வீடு. அவரு போயி பல வருஷம் ஆச்சு, அவரு சேத்து வச்ச புத்தகங்க மட்டும் ஒரு மர அலமாரியில இருந்துச்சு. 2011 டிசம்பர்ல 'தானே' புயல் வந்தப்போ ஓடு பறந்து பாதி நனைஞ்சு போச்சு, மிச்சத்த அவரு பேத்தி வெயில்ல காயப்போட்டு எடுத்து வச்சாங்க. அதுல 27 புத்தகம் ஸ்கேன் பண்ற நெலமையில இருந்துச்சு. அத ஸ்கேன் பண்ணி, எழுத்தா மாத்தி, யாரு வேணா தேடிப் படிக்கற மாதிரி நெட்ல போடணும். இதான் வேலை. ஒன்பது பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் சம்பளம் கெடையாது, ரிட்டயர் ஆன தமிழய்யா ஒருத்தர், முன்னாடி பிரிண்டிங் பிரஸ் வச்சிருந்த அண்ணன் ஒருத்தர், காலேஜ் படிக்கற பொண்ணு ஒண்ணு, அப்புறம் வைத்தியரோட பேத்தி, நான், இன்னும் நாலு பேரு.

நான் தெனமும் மஞ்சக்குப்பத்துலேருந்து பாண்டிக்கு பஸ்ல போயிட்டு வர ஆளு, அங்க ஒரு காலேஜ் லைப்ரரியில வேலை. ஆல்பேட்டை தாண்டி கன்னியகோயில் வர்றதுக்குள்ள ரெண்டு பக்கம் திருத்திடலாம், சீட்டு கெடச்சா. அரியாங்குப்பம் தாண்டினா டிராஃபிக்ல இன்னும் ரெண்டு பக்கம்.

ஸ்கேன் பண்றது தான் கஷ்டம்னு எல்லாரும் நெனப்பாங்க. இல்லைங்க. ஸ்கேன் பண்றது ரெண்டு ஞாயித்துக்கெழமை வேலை. அதுக்கப்புறம் வர்றது தான் வேலை. போட்டோவ நிமித்தணும், ஓரம் வெட்டணும், பக்க எண் சரியா வருதான்னு பாக்கணும் (ஒட்டிக்கிட்ட பக்கத்த பிரிக்காம விட்டுட்டு அப்புறம் மூணு மாசம் கழிச்சு அழுத கதையெல்லாம் இருக்கு), ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்த கம்ப்யூட்டரே படிச்சு தட்டச்சா மாத்தறது) ஓட்டணும், ஓசிஆர் கக்கினத மூலத்த வச்சு ஒருத்தர் திருத்தணும், திருத்தினத இன்னொருத்தர் பாக்கணும், அப்புறம் புத்தகத்தோட பேரு, ஆசிரியர், அச்சகம், வருஷம்லாம் சேக்கணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி, இந்த புத்தகத்த போட நமக்கு உரிமை இருக்கான்னு பாக்கணும். நம்ம நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் செத்துப்போன வருஷம் முடிஞ்சு அதுக்கப்புறம் 60 வருஷம் ஆகியிருக்கணும். நம்ம பாண்டிக்காரர் பாரதிதாசன் 1964ல மறைஞ்சார், அந்தக் கணக்குப்படி 2025 ஜனவரிலேருந்து பொது, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே தமிழ்நாடு அரசு அவரு எழுத்த நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அது வேற விஷயம். எங்க 27ல மூணு புத்தகத்துக்கு ஆசிரியர் எப்போ செத்தாருன்னே தெரியல, அது அப்படியே அலமாரிக்குத் திரும்பிப் போயிடுச்சு.

இத்தனை படி இருக்கற வேலைய நாங்க எதுல நடத்தினோம்? ஒரு கூகுள் ஷீட்ல.

ஷீட்ட நான் கொறை சொல்லல, ஆரம்பத்துல நல்லா தான் இருந்துச்சு. பக்க எண், பேரு, முடிஞ்சதா இல்லையா, மூணு காலம் (மேலேருந்து கீழ வர வரிசை). ஒரு நாள் யாரோ (யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்) தன்னோட பேரு எங்கெங்க இருக்குன்னு பாக்க ஈஸியா இருக்கட்டும்னு பேரு காலத்த மட்டும் செலக்ட் பண்ணி அகர வரிசையில அடுக்கிட்டாங்க. அந்த ஒரு காலம் மட்டும். பக்க எண் எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு, பேரு மட்டும் எல்லாம் எடம் மாறிப்போச்சு. ஷீட் பாக்கறதுக்கு ரொம்ப அழகா, ஒழுங்கா இருந்துச்சு, அதனால தான் மூணு வாரம் யாருக்கும் தெரியல. பழைய வெர்ஷனுக்குப் போகலாம் தான், போனா மூணு வாரத்துல எல்லாரும் போட்ட பதிவு போயிடும். கடைசியில நானும் பிரஸ் அண்ணனும் வாட்ஸ்அப்ப மேல மேல தள்ளி, "ஐயா 112 முடிச்சிட்டேன்னு சொன்னாரு"ன்னு ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்தோம்.

அன்னிக்கு பிரஸ் அண்ணன் சொன்னது தான் எனக்கு மண்டையில ஏறிச்சு. "எங்க பிரஸ்ல மொத ப்ரூஃப், ரெண்டாம் ப்ரூஃப், மெஷின் ப்ரூஃப்னு போகும்மா, ஒவ்வொரு தாள்லயும் பாத்தவன் ஓரத்துல கையெழுத்து போடணும், கையெழுத்து இல்லாத தாள வாங்கவே மாட்டேன். தாளு யாரு கையில இருக்கோ அவன் தான் பொறுப்பு. ரெண்டு கையில ஒரே தாளு இருக்க முடியாதுல்ல." அவ்ளோ தான். காகிதம்னா ஒரு நேரத்துல ஒரு கையில தான் இருக்கும். கம்ப்யூட்டர்ல வந்ததும் எல்லார் கையிலயும் இருக்கு, அதனாலயே யாரு கையிலயும் இல்ல.

எனக்கு இது புதுசா இருந்திருக்கக் கூடாது, ஏன்னா வேலை செய்யற எடத்துல டிஸ்பேஸ் தான். எம்ஐடியும் எச்பியும் சேந்து 2002ல வெளியிட்ட சாஃப்ட்வேர், உலகம் பூரா நெறய காலேஜுங்க ஆய்வேடு போட்டு வைக்கறது இதுல தான். அதுல ஒருத்தர் ஒரு ஃபைல ஏத்தினா நேரா உள்ள போகாது, ஒரு பொதுக் குட்டையில போயி விழும். சரிபாக்கற குழுவுல இருக்கற யாராவது ஒருத்தர் அத "நான் எடுத்துக்கறேன்"னு எடுத்தா மத்தவங்க லிஸ்ட்லேருந்து அது மறைஞ்சிடும். பாத்து ஏத்துக்கலாம், காரணம் எழுதி திருப்பி அனுப்பலாம், இல்லன்னா, இது தான் முக்கியம், "என்னால முடியல"ன்னு திரும்ப குட்டையிலயே போட்டுடலாம். எங்க காலேஜ்ல இந்த சரிபாக்கற படிய மொத்தமா அணைச்சு வச்சிருக்காங்க, "லேட் ஆகுது"ன்னு. விளைவு, ஒரே ஆய்வேடு மூணு தடவ மூணு தலைப்புல உள்ள இருக்கு, ஒண்ணுல ஆசிரியர் பேரு எடத்துல கைடு பேரு. கேட்டா சிஸ்டம் சரியில்லம்பாங்க. நாலு வருஷமா தெனமும் அந்த ஸ்கிரீன பாத்துட்டு இருந்தும், நம்ம வீட்டு வேலைக்கு இது உதவும்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க.

மத்தவங்க எப்படி பண்றாங்கன்னு அப்புறம் தேட ஆரம்பிச்சேன். ஜெர்மனியில கோட்டிங்கன்ல பொறந்த கூபின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுலேருந்து வந்த ஒரு கிளைக்கு 2016ல கிட்டோடோன்னு பேரு வச்சாங்க, பெரிய பெரிய லைப்ரரிங்க ஸ்கேனிங் வேலைக்கே வச்சிருக்கறது. அதுல ஸ்கேன் பண்றவருக்கு ஸ்கேன் வேலை மட்டும் தெரியும், அவரு முடிச்சேன்னு அழுத்தினா தான் தரம் பாக்கறவரு லிஸ்ட்ல அது வரும், அவரு விட்டா தான் அடுத்தவருக்கு. ரொம்ப நல்ல ஏற்பாடு, எங்களுக்கு அது நாலு இட்லிக்கு கிரைண்டர் போட்ட கதை. டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்னு 2000லேருந்து இன்னொண்ணு, நெட்ல இலவசமா புத்தகம் போடற குட்டன்பர்க் திட்டத்துக்கு புத்தகம் தயார் பண்றவங்க. அவங்க புத்தகத்த குடுக்கவே மாட்டாங்க, பக்கம் தான். ஒரு பக்கம் வரும், திருத்தி அனுப்பு, அடுத்த பக்கம். மூணு சுற்று திருத்தம், ரெண்டு சுற்று வடிவம், மூணாவது சுத்துக்குள்ள போக தகுதி வேணும். நம்ம பக்கத்துல 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் இருக்கு, உலகத்துல அங்கங்க இருக்கற தமிழங்க தட்டச்சு பண்ணி, இன்னொருத்தர் பிழை பாத்து போட்டது. அந்த காலத்து நெட் ஸ்பீட்ல அத எப்படி கட்டி மேய்ச்சாங்கன்னு இப்போ தான் புரிஞ்சு மலைச்சுப் போறேன்.

இதெல்லாம் பாத்து ஒண்ணு புரிஞ்சுது, சாஃப்ட்வேர விட, வேலைய எந்த சைஸ்ல வெட்டறோம்ங்கறது தான் பாதி. பாண்டியில செயின்ட் லூயி வீதியில ஃபிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட் இருக்குல்ல, அங்கயும் இஎஃப்இஓங்கற இன்னொரு ஃபிரெஞ்ச் ஆய்வு நிறுவனத்துலயும் இருக்கற சைவச் சுவடிங்க, கிட்டத்தட்ட 11,000 சுவடி வரும், 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சு. சுவடியில ஒரு கட்டுன்னா ஒரு நூல்னு நெனச்சுடக் கூடாது, ஒரே கட்டுக்குள்ள நாலு நூல் இருக்கும், அதனால கட்டு ஒரு கணக்கு, நூல் ஒரு கணக்கு, ஏடு ஒரு கணக்கு. நாங்க புத்தகம்ங்கற கணக்குல ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சப்போ ஒண்ணும் நகரல. 240 பக்கத்த ஒருத்தர் தலையில கட்டினா யாரு தாங்குவா? பத்து பத்து பக்கமா வெட்டினோம். பத்து பக்கம்னா ஒரு வாரத்துல முடிச்சிடலாம், முடியலன்னாலும் பெரிய அவமானம் இல்ல.

அவமானம்னு சொன்னேன்ல, அது தான் உண்மையான சிக்கல். நம்ம ஆளுங்க யாரும் "முடியல"ன்னு சொல்ல மாட்டோம். "பாத்துட்டு இருக்கேன்", "இந்த வாரம் முடிச்சுடறேன்", "பொண்ணுக்கு பரீட்சை முடியட்டும்". ஆறு மாசம் ஒரே இருபது பக்கம் ஒருத்தர்கிட்ட தூங்கும், கேக்கவும் முடியாது, இலவசமா வேலை செய்யறவங்கள என்னன்னு கேப்பீங்க. அதனால டிஸ்பேஸ்ல இருந்த அந்த குட்டைய அப்படியே காப்பி அடிச்சோம். பிரஸ் அண்ணனோட அக்கா பையன் ஒரு சின்ன போர்டு பண்ணிக் குடுத்தான், கார்டுக்கு பத்து பக்கம். பொதுவுல, கையில, திருப்பி வந்தது, முடிஞ்சது, நாலே வரிசை. எடுத்துக்கிட்டா உங்க பேரு விழும். "திரும்பப் போடறேன்"னு ஒரு பட்டன், காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்ல. பத்து நாளைக்கு அசையலன்னா கார்டு தானா பொதுவுக்கு வந்துடும், யாரும் யாரையும் கேக்க வேணாம். திருத்தற வேலை மட்டும் விக்கிமூலத்துல (விக்கிப்பீடியாவோட கூடப்பொறந்தது, பழைய நூலுக்குன்னே இருக்கறது), ஏன்னா அங்க இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் ஸ்கேன், பக்கத்துக்கு கலரு: செவப்புன்னா இன்னும் பாக்கல, மஞ்சள்னா ஒருத்தர் பாத்தாச்சு, பச்சைன்னா ரெண்டாவது ஆளும் பாத்தாச்சு, சிக்கல்னா ஊதா. மஞ்சள் ஆக்கினவரே பச்சை ஆக்க முடியாது, அந்த பட்டனே அவருக்கு வராது. பிரஸ் அண்ணன் அத பாத்துட்டு "நம்ம கையெழுத்து தான்மா இது"ன்னாரு.

இந்த மஞ்சள் பச்சையில தான் பெரிய சண்டை வந்துச்சு.

தமிழய்யா நாப்பது வருஷம் பாடம் நடத்தினவரு. அவரு மஞ்சள் ஆக்கின ஒரு பக்கத்த அந்த காலேஜ் பொண்ணு திருப்பி அனுப்பிடுச்சு. குறிப்புல "ஐயா, க பலம்னு இருக்கு, புரியல"ன்னு ஒரே வரி (பலம்ங்கறது பழைய எடை அளவு). ஐயா எனக்கு போன் பண்ணாரு, குரல்லயே தெரிஞ்சுது. "என்னம்மா, நேத்து பொறந்த புள்ள என் பக்கத்த திருப்பி அனுப்புது? பலம்னா என்னன்னு கூட தெரியாது அதுக்கு!" நானும் உள்ளுக்குள்ள அந்த பொண்ணு மேல தான் எரிச்சல் பட்டேன், கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்லன்னு. பக்கத்த தெறந்து பாத்தேன்.

ஒரு சூரணம் செய்முறை. கடுக்காய் க பலம், சுக்கு உ பலம், திப்பிலி ரு பலம். அப்படியே உரையில இருக்கு. ஸ்கேன்ல பாத்தா ௧ பலம், ௨ பலம், ௫ பலம். தமிழ் எண்ணு. அச்சுல ௧க்கும் கவுக்கும் ஒரு சின்ன வால் தான் வித்தியாசம், அந்தக் காகிதத்துல அந்த வாலும் மழுங்கிப் போயிருக்கு. ஓசிஆர் அத எழுத்துன்னு எடுத்துடுச்சு, அது எதிர்பாத்தது தான், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின ணை, லை, னா எல்லாத்தையும் கூட அது ஒரு வழி பண்ணி தான் வச்சிருந்துச்சு. ஆனா ஐயா ஏன் விட்டாரு? அவருக்கு தமிழ் எண் நல்லா தெரியும்ங்கறதால தான்! அவரு கண்ணு "க பலம்"ங்கறத பாத்ததும் மனசு "ஒரு பலம்"னு படிச்சிடுச்சு, தப்பே தெரியல. அந்த பொண்ணுக்கு தமிழ் எண்ணே தெரியாது, அது எழுத்து எழுத்தா படிச்சுது, அதான் மாட்டிக்கிச்சு. விவரம் தெரிஞ்சவர் கண்ணுக்கு தப்பினது விவரம் தெரியாதவ கண்ணுல பட்டுச்சு.

இத ஐயாகிட்ட சொன்னப்போ அவரு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா "அப்படின்னா நான் பாத்த எல்லா பக்கத்துலயும் இருக்குமேம்மா"ன்னாரு. இருந்துச்சு. போர்டுல அவரு பேரு போட்டு தேடினா அவரு மஞ்சள் ஆக்கின பக்கம் எல்லாம் வந்துடுச்சு, 212. ஷீட் காலமா இருந்திருந்தா எது அவரு பாத்ததுன்னு கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆகியிருக்கும். அத்தனையையும் அவரே திருப்பி எடுத்து பாத்தாரு, யாரையும் தொட விடல. அந்த பொண்ணுக்கு ௧லேருந்து ௰ வரைக்கும் கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பிச்சாரு, கீழ "௰ என்பது ய அன்று, பார்த்துக்கொள்"னு ஒரு வரி.

எல்லாம் நல்லபடியா போச்சுன்னு சொல்ல மாட்டேன். யாரு எத்தன பக்கம் முடிச்சாங்கன்னு போர்டுல ஒரு எண்ணிக்கை காட்டற மாதிரி அந்த பையன் வச்சிருந்தான், உற்சாகமா இருக்கும்னு. நல்லா தான் உற்சாகம் ஆனாங்க. ஒருத்தர் ஒன்பது நிமிஷத்துல 31 பக்கம் பச்சை ஆக்கியிருந்தாரு, மாத்தின வரலாறுல மணி நேரத்தோட நிக்குது. பக்கத்துக்கு இருபது செகண்டு கூட இல்ல, மாவு சலிக்கவே அதுக்கு மேல ஆகும். அந்த எண்ணிக்கைய அன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டேன். அவருகிட்ட ஒண்ணும் கேக்கல, 31 பக்கத்தையும் மறுபடி மஞ்சளாக்கி பொதுவுல போட்டுட்டேன்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தப்போ தான் அந்த பத்து நாள் விதியோட அருமை தெரிஞ்சுது, அதோட முட்டாள்தனமும். புயல் ஒரு பக்கம், சாத்தனூர் அணையில தெறந்து விட்ட தண்ணி தென்பெண்ணையில வந்தது இன்னொரு பக்கம், எங்க ஆளுங்கள்ல மூணு பேரு வீட்டுல கரண்ட் இல்ல, ஒருத்தர் வீட்டுக்குள்ள தண்ணி. பத்து நாள் ஆனதும் கார்டெல்லாம் தானா பொதுவுக்கு வந்துடுச்சு, வெளியூர்ல இருக்கறவங்க அத எடுத்து முடிச்சாங்க, வேலை நிக்கல, சரி. ஆனா தண்ணி வடிஞ்சு திரும்பி வந்த ஒருத்தர், பாதி திருத்தி தன்னோட போன்ல வச்சிருந்தாங்க, போர்டு "இது உங்க கையில இல்ல"ன்னு காட்டினதும் மனசு ஒடிஞ்சு போச்சு. மெஷினுக்கு வெள்ளம் தெரியுமா? இப்போ பத்தாவது நாள் தானா பறிக்கறதில்ல, ஏழாவது நாள் ஒரு மெசேஜ் போகும், "வச்சுக்கறீங்களா, போட்டுடறீங்களா?"ன்னு. பதிலே இல்லன்னா தான் பதினாலாவது நாள் எடுக்கும்.

ஊதா பக்கம் இன்னும் பதினொண்ணு கெடக்குது. எல்லாம் பின்னக் குறிங்க. மாகாணி, அரைக்கால், கால்னு பழைய அளவுக் குறி. 2019ல தான் யூனிகோடுல (கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் பொதுவான பட்டியல்) தமிழ் பின்னக் குறி எல்லாம் சேத்து 51 எழுத்து ஏத்தினாங்க, என் போன்ல இன்னமும் அது கட்டம் கட்டமா தான் தெரியுது. குறியாவே போடறதா, "மாகாணி"ன்னு வார்த்தையா எழுதறதான்னு எங்களுக்குள்ள முடிவாகல. ஐயா குறி தான் வேணும்ங்கறாரு, பேத்தி "படிக்கறவங்களுக்கு கட்டம் தெரிஞ்சா மருந்துல எவ்ளோ போடுவாங்க?"ங்கறாங்க. நான் பேத்தி கட்சி. மருந்து விஷயத்துல கட்டம் ஆபத்து. ஆனா ஓட்டுக்கு விட்டா ஐயா கோச்சுப்பாரு, அதனால ஊதாவாவே இருக்கு.

போன மாசம் போர்டுல ஒரு கார்டு திரும்பி வந்துச்சு, 171லேருந்து 180. பேர பாத்தா ஐயா. இத்தன நாள்ல அவரு ஒரு கார்டு கூட திரும்பப் போட்டதில்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் முடிச்சுட்டு தூங்கற ஆளு. காரணம் எழுத வேண்டியதில்லன்னு சொல்லியிருந்தும் எழுதியிருந்தாரு: "வலது கண் அறுவை. இருபது நாள் திரையைப் பார்க்கக் கூடாதென்கிறார் மருத்துவர்." பன்னெண்டு நிமிஷத்துல அந்த காலேஜ் பொண்ணு கார்ட எடுத்துடுச்சு. அன்னிக்கு சாயந்திரம் 174ம் பக்கத்துக்கு கீழ "ஐயா, இங்க எ பலம்னா ௭ தானே, ஏழு?"ன்னு கேட்டிருந்துச்சு. அவரு டைப் பண்ணல, குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு, நாலு செகண்டு. "ஏழே தான். மஞ்சள் போடு, பச்சை நான் வந்து போடறேன்."